மேனேஜரின் இடது காது

அத்தியாயம் பதினான்கு

"தலையைச் சாய்ச்சுக்கிட்டு எப்படிப் பாக்குது பாருடி! அப்படியே உன் நாத்தனார் பார்வை" என்றாள் பெரியவள், ஒரு சட்டைக் காலரின் மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தியபடி.

சின்னவள் சிரிக்கவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டுக்கு முன்னால் மண்டியிட்டாள். அங்கேதான் முயல் உட்கார்ந்திருந்தது. காதுகள் இரண்டும் நனைந்த கையுறை மாதிரித் தொங்கும் சாம்பல் நிற முயல். வந்த நாளிலிருந்து அந்தத் தட்டில் உட்கார்ந்து, வேலை செய்பவர்களை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே இருந்ததால் மேனேஜர் என்று பெயர் வந்துவிட்டது.

"அக்கா, அது பாக்கல. அதால தலையை நிமிர்த்த முடியல."

பெரியவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

மேனேஜர் ஓர் அடி எடுத்து வைக்கப் பார்த்தது. வைத்த காலுக்கும் தலைக்கும் ஒத்துப்போகவில்லை. இடது பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, மடித்து வைத்திருந்த போர்வைகளின் மேல் சாய்ந்தது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மழை நாளில், ஒரு பெட்டியோடும் ஒரு முயல் கூண்டோடும் வீங்கிய கண்களோடும் சின்னவள் அக்காவின் சலவைக்கடை வாசலில் வந்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "பிள்ளை இல்லாத வீட்டுல முயலுக்குத்தான் தாலாட்டு" என்று நாத்தனார் சொன்னாள். கூடமே சிரித்தது. கட்டிய கணவன் தன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் இந்தக் கதையில் இத்தனை அத்தியாயம் வந்திருக்காது.

அவன் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். ஒரு லென்ஸை அரை நாள் தேய்ப்பான். அவனிடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவருக்குக் கேள்வி மறந்து போகும். பெரியவள் அவனுக்கு வைத்திருந்த பெயர் ஆமை. நேரில் வந்தால் மாப்பிள்ளை. இரண்டையும் ஒரே தொனியில்தான் சொல்வாள்.

சின்னவள் வந்த மறுநாளே ஆமை கடைக்கு வந்தது. மனைவி உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் கெஞ்சவில்லை, அழவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பெரியவளிடம் நீட்டினான்.

"காது விஷயம் அண்ணி. மழைக்காலம். இதுல இருக்கிறபடி செஞ்சா போதும்."

பெரியவள் அப்போதே அதைப் பிரித்தாள். எறும்பு வரிசை மாதிரிப் பொடி எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டிருந்தான். வாரத்துக்கு ஒருமுறை காது மடலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கணுமாம். மோந்து பார்க்கணுமாம்!

"பொண்டாட்டி வீட்டை விட்டு வந்து நிக்கிறா. இவரு முயலோட காதை மோந்து பாக்கச் சொல்லித் தாள் எழுதறாரு" என்று உள்ளே பார்த்து உரக்கச் சொன்னாள். அவன் போன பிறகு அந்தத் தாளை நாலாக மடித்தாள். இஸ்திரி மேசையின் ஒரு கால் ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் செருகினாள். ஆட்டம் நின்றது. ஆமையால் உலகத்துக்குக் கிடைத்த முதல் பயன் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் காது வேலையெல்லாம் அவன்தான் பார்த்தான் என்று சின்னவள் சொன்னாள். அவளுக்குக் காதைத் தூக்கவே பயமாம்.

"விடு, நான் பாத்துக்கறேன். ஈரத்தை எப்படி அடக்கணும்னு எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா ஈரத்தோடதானே குடும்பம் நடத்தறேன்."

கல்யாணம் என்ற பேச்சை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டுக் கடையைக் கட்டிக்கொண்டவள் அவள். அவள் அடக்காத ஈரம் இல்லை. உப்பு ஜாடியில் உப்பு கட்டி தட்டும், சுவர் வியர்க்கும், அலமாரிக்குள் செருப்பு பூத்துப் போகும். அப்படிப்பட்ட ஊரில், அவள் கடையிலிருந்து போகிற துணியில் மட்டும் ஒரு பொட்டு ஈரம் இருக்காது.

சின்னவள் வந்த பிறகுதான் மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட அவளுக்குத் தோன்றியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் நேற்று சாயங்காலம் கட்டிலுக்குக் கீழே சின்னவளின் பெட்டியைப் பார்த்தாள். துணிகள் மடித்து அடுக்கியிருந்தன.

"நாளைக்கு அவருக்கு லீவு. நாலு மணிக்கு வர்றேன்னாரு" என்றாள் சின்னவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "வரட்டும். என்ன சொல்றாருன்னு கேக்கறேன்."

"கேளு. நாலு மணிக்கு ஆரம்பிச்சாருன்னா அடுத்த வாரத்துக்குள்ள முதல் வார்த்தை வந்துடும்."

சின்னவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் கணவன் மேல் கோபம் இல்லை என்பதைப் பெரியவள் கவனித்தாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த நாலு மணிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கும்போதுதான் மேனேஜரின் தலை சாய்ந்தது.

"காதுல ஏதாவது போட்டியாக்கா?" சின்னவள் முயலை மார்போடு அணைத்திருந்தாள்.

"நானா? தொடைச்சேன். அவ்ளோதான். அந்த வீட்டுலேருந்தே கொண்டு வந்திருக்கும் இந்த நோயை. ஆமை வளத்த லட்சணம்!"

பாதி உண்மை. துடைத்தது நிஜம். துடைத்த பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள், பஞ்சில் தொட்டுக் கொஞ்சம் கஞ்சிப் பவுடர் தூவினாள். வெள்ளைச் சட்டைக்காக நீலம் கலந்து வைத்திருக்கும் பவுடர். பட்டுத் துணியில் எண்ணெய் பட்டால் அதைத்தான் தூவுவாள். காலையில் தட்டிவிட்டால் கறையும் ஈரமும் போயிருக்கும். பட்டுக்கு ஆகிறது காதுக்கு ஆகாதா? இதெல்லாம் ஒரு விஷயமா சொல்வதற்கு?

சின்னவள் அதற்குள் போனை எடுத்திருந்தாள். "மேனேஜருக்கு உடம்பு சரியில்ல. டாக்டர்கிட்டப் போறோம்" என்று மட்டும் சொல்லி வைத்தாள். யாரிடம் சொன்னாள் என்று பெரியவள் கேட்கவில்லை.

பிராணிகள் மருத்துவமனையின் வாசலில் ஆமை அவர்களுக்கு முன்னாலேயே வந்து நின்றது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஓடி வந்திருப்பான் போல.

"அட, மாப்பிள்ளைக்கு ஓடவும் வருமா?" என்றாள் பெரியவள்.

அவன் குனிந்தான். கூடையைத் திறந்து, முயலின் தலைக்கு அடியில் உள்ளங்கையை வைத்தான். அது கண்ணை மூடிக்கொண்டது. மூன்று வாரமாக யாரையும் மதிக்காத மேனேஜர், தன் தலைப் பாரத்தை முழுசாக அந்தக் கைக்குக் கொடுத்துவிட்டது.

சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவள் தங்கையைப் பார்த்தாள். ஐயோ, இது பேசாமலே ஜெயித்துவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தாள்.

டாக்டரம்மா குள்ளமாக இருந்தார். பார்வை மட்டும் உயரத்திலிருந்து வந்தது. மடலைப் புரட்டி, சின்ன விளக்குக் குழாயை வலது காதில் வைத்துப் பார்த்தார். பிறகு இடது காது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார்.

"வாடை வருது. நீங்க யாரும் மோந்து பாக்கலையா?"

பெரியவள் சுவரில் தொங்கிய நாய்ப் படத்தைப் பார்த்தாள்.

டாக்டரம்மா வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காதின் அடிப்பாகத்தை மெல்லப் பிசைந்தார். முயல் பின்னங்காலால் மேசையை உதைத்தது. அவன் அதை ஒரு துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் காதிலிருந்து வழிந்ததைப் பஞ்சில் ஏந்தி, வெள்ளைத் தட்டில் வைத்தார்.

முதலில் வந்தது சீழ் இல்லை. பசை. சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிற பசை மாதிரி, கட்டி கட்டியாக.

"என்னது இது? யாரு பவுடர் போட்டது?"

பெரியவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தொங்கு காதுங்கிறது மூடி போட்ட டப்பா மாதிரி. காத்து உள்ள போகாது. இந்த மழைக்கால ஈரமே அதுக்கு ஜாஸ்தி. அதுல பவுடரைப் போட்டா அது ஈரத்தை எடுக்காது. பிடிச்சு வெச்சுக்கும். கிருமிக்கு மெத்தை தைச்சுக் கொடுத்திருக்கீங்க. இப்போ உள்காது வரைக்கும் போயிருக்கு. அதான் தலை சாயுது." டாக்டரம்மா மூவரையும் வரிசையாகப் பார்த்தார். "புத்தி இருக்கிறவங்க செய்யிற வேலையா?"

இருபது வருஷத்தில் பெரியவளை இப்படி ஒருவரும் பேசியதில்லை. காது சுட்டது. சொல்லிவிடலாம். நான்தான், தெரியாமல் போட்டேன் என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

கண்ணாடிக்காரன் அந்தப் பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலால் ஒரு துளி எடுத்தான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தான், லென்ஸ் மெருகுப் பொடியைத் தேய்த்துப் பதம் பார்ப்பது போல. அந்தப் பொடி நறநறக்கும். இது வழுக்கியது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். வெள்ளைக்குள் லேசாக ஒரு நீலம்.

பிறகு அவன் கண் மெல்ல நகர்ந்து, மேசை விளிம்பைப் பிடித்திருந்த பெரியவளின் கைக்கு வந்தது. எத்தனை கழுவினாலும் அவள் நகக்கண்ணில் தங்கிவிடும் அந்த நீலத்தில் நின்றது.

பெரியவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள். இப்போது வாயைத் திறப்பான். இவ்வளவு நாள் சேர்த்து வைத்ததற்கெல்லாம் சேர்த்துத் திறப்பான்.

அவன் வாயைத் திறந்தான்.

"நான்தான் டாக்டர். இவ கிளம்பறதுக்கு முன்னாடி போட்டு விட்டிருந்தேன்."



"நீங்களா?" என்றாள் சின்னவள்.

"ஈரமா இருக்கேன்னு..."

"என்னைப் பிள்ளை இல்லாதவள்னு சொன்னப்போ உங்களுக்கு வாய் இல்ல. சரி, பேசத் தெரியாத மனுஷன், பார்த்துக்கவாவது தெரியும்னு நெனச்சேன். இன்னிக்குப் பெட்டியைக்கூடக் கட்டி வெச்சேன், தெரியுமா?" அவள் குரல் உயரவே இல்லை. "இதுக்கு நீங்க பேசாமலே இருந்திருக்கலாம். நாலு மணிக்கு வராதீங்க. இனிமே கடைப் பக்கமே வராதீங்க."

டாக்டரம்மா மருந்துச் சீட்டை எழுதினார். பத்து நாளைக்கு வாய் மருந்து. காதுக்குச் சொட்டு, பாட்டிலை உள்ளங்கையில் வைத்துச் சூடு பண்ணிய பிறகு. நீராவி இல்லாத அறை. தலை நிமிரலாம், இப்படியே நின்றும் போகலாம். பத்து நாள் போனால்தான் தெரியும்.

சின்னவள் உள்ளே மருந்து வாங்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் வெளியே வந்தாள். மழை விட்டிருந்தது, காற்றே நனைந்த துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. அவன் படிக்கட்டில் நின்று விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

பதில் வர வழக்கமான நேரம் ஆனது.

"அவளுக்கு இப்போ போறதுக்கு இருக்கிறது உங்க வீடு ஒண்ணுதான் அண்ணி. என் வீட்டை நான் ஏற்கெனவே கெடுத்துட்டேன்."

"பெரிய தியாகி! வாயைத் திறக்க மூணு வாரம். திறந்ததும் பொய்."

"ஆமா" என்றான் அவன். கொஞ்சம் பொறுத்து, "பவுடர் வேணாம்னு எழுதியிருந்தேனே அண்ணி. படிக்கலையா?" என்றான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கடைக்கு வந்தவரிடம், எழுத்து தெரிகிறதா என்று கேட்கிற குரல்.

 பதில் வராமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அவன் படியிறங்கி, பஸ் நிறுத்தத்தை நோக்கி, அவனுக்கே உரிய அந்த வேகத்தில் நடந்தான். முட்டாள் என்று முணுமுணுத்தாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெளிவாக இல்லை.

கடைக்குத் திரும்பியதும் சின்னவள் முதலில் செய்த வேலை, கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுத்துத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்ததுதான். பெரியவள் கதவோரத்தில் நின்று பார்த்தாள். மூன்று வாரமாக அவள் வேண்டிக்கொண்டது இதைத்தான். கேட்டது அப்படியே கிடைத்திருக்கிறது. ஆமையின் கையால் கிடைத்திருக்கிறது.

"அவரைப் பத்தி நீ சொன்னது சரிதான்க்கா" என்றாள் சின்னவள், புடவையை உதறி மடித்தபடி. "நீ ஒருத்திதான் எனக்கு."

பெரியவள் அங்கே நிற்க முடியாமல் இஸ்திரி அறைக்குப் போனாள். மேசையை ஒரு கையால் தூக்கி, காலின் அடியிலிருந்து அந்தத் தாளை இழுத்தாள். நைந்து, மடிப்பில் கிழிந்து, இஸ்திரி மேசையின் துருவும் பட்டிருந்தது. பிரித்தாள். மூன்றாவது வரிக்கு மேல் அன்றைக்கு அவள் படிக்கவில்லை. இப்போது படித்தாள்.

பவுடர் பற்றிய ஆறாவது வரிக்கு மட்டும் அவன் அடிக்கோடு போட்டிருந்தான்.

பாய்லர் அறையின் கதவு மூன்றடி தள்ளி இருந்தது. உள்ளே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு தாள் எரிய எத்தனை நேரம் ஆகும்?

"அக்கா!"

மேனேஜரைத் தோளில் சாய்த்துக்கொண்டு சின்னவள் வந்து நின்றாள். முயலின் தலை அவள் கழுத்துக் குழியில் கோணலாகப் படுத்திருந்தது. ஒற்றைக் கண் பெரியவளையே பார்த்தது.

"டாக்டரம்மா சொன்னதுல பாதி மறந்துடுச்சு. அவரு ஏதோ தாள் எழுதிக் கொடுத்தாருன்னு சொன்னியே. காதைத் தூக்கறது எப்படின்னாவது அதுல இருக்கும். ஆளு எப்படிப் போனா என்ன, எழுத்து உபயோகப்படும்ல?" பெரியவளின் கையைப் பார்த்தாள். "அதானே அது? கொடு."

கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கை நீண்டது.

சின்னவள் வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரல் வைத்துப் படித்தாள்.

"ஒண்ணு. செவ்வாய்க்கிழமை காலையில மடலைத் தூக்கி வெளிச்சத்துல பார்க்கவும். பழுப்பு மெழுகு கொஞ்சம் இருந்தால் பயம் இல்லை." அவள் தலையாட்டினாள். "ரெண்டு. மோந்து பார்க்கவும். புளிச்ச வாடை வந்தால் உடனே டாக்டர்."

மேசை கால் மாற்றிக் கால் மாற்றி ஆடியது. பெரியவள் அதன் மேல் கையை ஊன்றியிருந்தாள்.

"மூணு. மடலுக்கு மட்டும் உலர்ந்த துணி. குச்சி, பட்ஸ் எதுவும் உள்ளே போகக்கூடாது." அவள் குரல் லேசாகத் தளர்ந்தது. "எவ்வளவு பொறுமையா எழுதியிருக்காரு பாரேன். நாலு. மின்விசிறி சுவரைப் பார்த்து ஓடட்டும், முயலைப் பார்த்து வேண்டாம்."

எல்லாரும் சிரித்த அந்தக் கூடத்தில், தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கும் இப்படித்தான் வாய் வராமல் போயிருக்குமோ? அவனை இத்தனை நாள் எவ்வளவு ஏளனம் செய்தாள்! வாயில் கொழுக்கட்டையா என்றுகூடக் கேட்டிருக்கிறாள்.

"அஞ்சு. குளிப்பாட்ட வேண்டாம். இஸ்திரி போடும் அறையில், நீராவியில் வைக்க வேண்டாம்." சின்னவள் நிமிர்ந்து அந்த அறையை ஒருமுறை பார்த்தாள். இஸ்திரி மேசை, நீராவிக் குழாய், கீழ்த்தட்டில் மேனேஜர் படுத்த பள்ளம். நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

இன்னும் ஒரே ஒரு வரி. அதை அவள் படித்துவிட்டால், அப்புறம் சொல்வதெல்லாம் மாட்டிக்கொண்டவள் சொல்வது.

"சின்னவளே" என்றாள் பெரியவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "படிக்காத. அந்த வரியை நான் சொல்றேன்."